வெள்ளி போன ஊருக்கு இசை வந்த கதை: ஆஸ்பென் விழா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்கு நடுவே ஆஸ்பென் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. பனிச்சறுக்குக்கும் பெரும் பணக்காரர்களின் மாளிகைகளுக்கும் பேர்போன இடம் என்றுதான் பலருக்கும் அதைத் தெரியும். கோடை வந்துவிட்டால் அந்த ஊரின் முகமே வேறு. ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு விடிந்தால் வயலின், பொழுது சாய்ந்தால் சிம்பொனி. 1949இல் தொடங்கிய அந்த இசை விழா இன்றும் நடக்கிறது. டென்வரில் குடியிருந்த காலத்தில் இரண்டு கோடைகள் அங்கே போய்க் கேட்டிருக்கிறேன். மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஆர்வமுள்ள தமிழ் நண்பர்கள் என்னிடம் மறுபடி மறுபடி கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆஸ்பென் எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

ராக்கி மலைத்தொடரில், ரோரிங் ஃபோர்க் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டென்வரிலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். கோடையில் இன்டிபென்டன்ஸ் கணவாய் வழியாகவும் போகலாம். அந்தச் சாலை 3,600 மீட்டருக்கும் மேலே ஏறி இறங்குகிறது. குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால் அடைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம், சில இடங்களில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்கக்கூட இடமிருக்காது. முதல்முறை நான் அந்த வழியாகத்தான் போனேன். ஒரு சிம்பொனி வாத்தியக் குழுவின் டிம்பனி முரசுகளையும் டபுள் பேஸ்களையும் இந்த மலைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமென்று 1949இல் யாருக்குத் தோன்றியிருக்கும் என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் எழுந்தது.

அது சுரங்க ஊர் என்கிறார்களே, சுரங்கத்துக்கும் இசைக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கிறது. யூட் பழங்குடி மக்களின் நிலமாக இருந்த இந்தப் பள்ளத்தாக்குக்கு 1879இல் வெள்ளி தேடிக்கொண்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். முதலில் யூட் சிட்டி என்று பெயர். மறு ஆண்டே ஆஸ்பென் ஆயிற்று. மலைச்சரிவெங்கும் நிற்கும், இளங்காற்றுக்கே இலைகள் படபடக்கும் மரத்தின் பெயர் அது. பத்தே ஆண்டுகளில் வெள்ளி கொட்டியது. 1889இல் வீலர் ஓபரா ஹவுஸ் என்ற கல் கட்டடமும் ஹோட்டல் ஜெரோமும் எழும்பின. இரண்டையும் எழுப்பியவர் ஜெரோம் வீலர், நியூயார்க்கின் மேசிஸ் என்ற பெரிய கடையில் பங்குதாரராக இருந்தவர். உச்சக்கட்டத்தில் மக்கள்தொகை 12,000 வரை போனதாகச் சொல்வார்கள்.

அன்றைய அமெரிக்க அரசு, சட்டத்தின்படி மாதந்தோறும் பெருமளவு வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தது. 1893இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. வெள்ளி விலை சரிந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, பிழைப்பு தேடி ஆட்கள் வெளியேறினார்கள். 1930 கணக்கெடுப்பில் ஊரில் இருந்தவர்கள் 705 பேர். வீலர் ஓபரா ஹவுஸின் உட்புறம் 1912இல் தீயில் கருகியது, பிறகு பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. உள்ளூர்க்காரர்கள் இந்தக் காலத்தை ‘அமைதி ஆண்டுகள்’ என்று சொல்கிறார்கள். கொஞ்சம் ஆடு மாடு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, பூட்டிய வீடுகள்.

அந்தப் பூட்டிய வீடுகள்தான் இந்தக் கதைக்கு முக்கியம். வேறு எங்காவது இருந்திருந்தால் இடித்துவிட்டு வேறு கட்டியிருப்பார்கள். இங்கே இடிக்கவும் காசில்லை. அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் வந்து பார்த்தபோது 1880களின் ஊர் அப்படியே நின்றிருந்தது.

வந்து பார்த்தவர் யார்?

முதலில் பார்த்தவர் எலிசபெத் பெப்கி. 1939இல் பனிச்சறுக்கு ஆடும் நண்பர்களோடு வந்தார். 1945இல் கணவர் வால்ட்டர் பெப்கியை அழைத்து வந்தார். அவர் சிகாகோவைச் சேர்ந்தவர், கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அட்டைப்பெட்டி நிறுவனத்தின் தலைவர். ஜெர்மன் வம்சாவளி. வந்த வேகத்தில் வீடுகளையும் மனைகளையும் வாங்கத் தொடங்கினார். ஆஸ்திரியாவில் பிறந்த, ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் பயின்று கற்பித்த வடிவமைப்பாளர் ஹெர்பர்ட் பேயரை 1946இல் ஊருக்குக் குடியேற்றினார். பனிச்சறுக்குக் கம்பெனி தொடங்க உதவினார். 1947 தொடக்கத்தில் அந்த மலையில் திறக்கப்பட்ட நாற்காலி லிஃப்ட் அன்றைக்கு உலகிலேயே நீளமானது.

வால்ட்டருக்குப் பனிச்சறுக்கில் பெரிய ஈடுபாடு கிடையாது. உடலும் மனமும் சேர்ந்து வளர ஓர் இடம் வேண்டும், அங்கே வியாபாரிகளும் அறிஞர்களும் கலைஞர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவருடைய கனவு. அவரைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு இரண்டு எண்ணங்களும் சேர்ந்தே வருகின்றன. ஊரையே விலைக்கு வாங்கிய பணக்காரர் என்பதும் உண்மை. அப்படி வாங்கிய ஊரில் இசைக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று தோன்றியவர் என்பதும் உண்மை.

ஜெர்மன் கவிஞர் கதேக்கு அமெரிக்க மலையூரில் ஏன் விழா எடுத்தார்கள்?

என்னைக் கேட்டால் முழு வரலாற்றிலும் இதுதான் உயிரான கேள்வி.

கதே பிறந்தது 1749. இருநூறாவது ஆண்டு 1949இல் வந்தது. போர் முடிந்து நான்கே ஆண்டுகள். ஜெர்மன் என்ற சொல்லைக் கேட்டாலே வதை முகாம்கள் நினைவுக்கு வந்த காலம். அந்தப் பண்பாட்டில் மனிதருக்கு உதவக்கூடியது எதுவும் மிச்சமிருக்கிறதா என்ற கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிலர் நினைத்தார்கள். முசோலினியின் இத்தாலியை விட்டு வெளியேறிய பேராசிரியர் போர்கேசே அவர்களில் ஒருவர். பல்கலைக்கழகத்தின் வேந்தர் ராபர்ட் ஹட்சின்ஸ் முன்னின்றார். பெப்கி, விழாவை ஆஸ்பெனில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

1949 ஜூன் 27 முதல் ஜூலை 16 வரை, இருபது நாட்கள். ஆல்பர்ட் ஷ்வைட்சர் வந்தார், ஸ்பானியத் தத்துவ அறிஞர் ஒர்ட்டேகா இ காசெட் வந்தார், அமெரிக்க நாடகாசிரியர் தார்ன்டன் வைல்டர் வந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கேட்க வந்தார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு!

இசைக்கு டிமித்ரி மித்ரோபௌலஸ் தலைமையில் மினியாபொலிஸ் சிம்பொனி என்ற வாத்தியக் குழு வந்தது. வயலினுக்கு நேதன் மில்ஸ்டைன், செல்லோவுக்குக் கிரெகோர் பியாட்டிகோர்ஸ்கி, பாடுவதற்கு டாரதி மேனர். பியானோவுக்கு ஆர்தர் ரூபின்ஸ்டைன்.

ரூபின்ஸ்டைன் பெயரில் சற்று நிற்க வேண்டும். போலந்து யூதர். முதல் உலகப் போர்க்காலத்திலேயே இனி ஜெர்மனியில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்து, அதைச் சாகும்வரை காப்பாற்றியவர். இரண்டாம் போரில் அவருடைய குடும்பத்தாரில் பலர் கொல்லப்பட்டார்கள். அப்படிப்பட்டவர் ஒரு ஜெர்மன் கவிஞரின் நினைவு விழாவில் வந்து பியானோ முன் உட்கார்ந்தார். டாரதி மேனர் கறுப்பின சோப்ரானோ, அதாவது உச்சக்குரல் பாடகி. தன் நாட்டின் பெரிய ஓபரா மேடைகள் தன் இனத்தாருக்குப் பெரும்பாலும் மூடிக் கிடந்த காலத்தில் அவர் இங்கே பாடினார். மேடை ஏறியவர்களின் பட்டியலே அந்தக் கேள்விக்கு ஒரு பதில் என்று நான் நினைக்கிறேன். கூடாரத்தில் பேசப்பட்ட உரைகள் பலவும் இன்று நூலகங்களில் தூங்குகின்றன. இசை தொடர்கிறது.

ஷ்வைட்சர் டாக்டர் ஆயிற்றே, அவருக்கு அங்கே என்ன வேலை?

டாக்டர் மட்டுமா? ஆர்கன் வாசிப்பதில் தேர்ந்தவர், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையைப் பற்றி எழுதிய பெரும் அறிஞர், கதேயைப் பற்றி ஏற்கெனவே பேசியும் எழுதியும் வந்தவர். மத்திய ஆப்பிரிக்காவின் காபோனில், லம்பரேனே என்ற இடத்தில் அவர் நடத்திய மருத்துவமனைக்கு எப்போதும் பணம் தேவைப்பட்டது. ஆஸ்பெனில் பேசக் கிடைத்த தொகை அந்த மருத்துவமனைக்குப் போயிற்று. 74 வயதில் அவ்வளவு தூரம் வந்தார். அமெரிக்காவுக்கு அவர் வந்தது அந்த ஒரு முறைதான். ஒரு நாள் பிரெஞ்சில் பேசினார், இன்னொரு நாள் ஜெர்மனில். ஜெர்மன் உரையைக் கூட்டத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் தார்ன்டன் வைல்டர்.

கச்சேரியைக் கூடாரத்தில் ஏன் நடத்துகிறார்கள்? அரங்கம் கட்டக்கூடாதா?

1949இல் வேறு வழியில்லை. இரண்டாயிரம் பேர் உட்கார ஊரில் ஒரு கூரைகூட இல்லை, வீலர் ஓபரா ஹவுஸோ கரிந்து கிடந்தது. ஈரோ சாரினென் என்ற கட்டடக் கலைஞர் ஒரு புல்வெளியில் குழியாகத் தோண்டி, சுற்றிலும் படிவரிசையாக இருக்கைகள் அமைத்து, மேலே கித்தான் துணியை இழுத்துக் கட்டினார். செயின்ட் லூயிஸ் நகரின் புகழ்பெற்ற வளைவை வடிவமைத்தவர் இவர்தான்.

அந்தக் கூடாரம் 1964 வரை உழைத்தது. 1965இல் ஹெர்பர்ட் பேயர் வடிவமைத்த கூடாரம் அதே இடத்துக்கு வந்தது. 2000இல் ஹாரி டீக் வடிவமைத்த பெனடிக்ட் மியூசிக் டென்ட் வந்தது. இது கயிறு கட்டி ஏற்றி இறக்கும் கூடாரம் அன்று. டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியாலான நிலையான கூரை, சுமார் 2,050 இருக்கைகள். பக்கங்கள் வெளியே திறந்திருக்கும். பக்கத்திலேயே 1993இல் ஹாரிஸ் ஹால் என்ற 500 இருக்கை அரங்கம் கட்டினார்கள், பெரும்பகுதி மண்ணுக்கு அடியில். ஆக, நல்ல அரங்கமும் இருக்கிறது. இருந்தும் கூடாரத்தை விடவில்லை.

ஏன் விடவில்லை என்பது ஒரு மழை நாளில் எனக்குப் புரிந்தது. ஜூலையில் பிற்பகல் ஆனால் மலைமேல் மேகம் திரண்டு இடி இடிக்கும். அன்று பிராம்ஸ் சிம்பொனி ஒன்றின் மெதுவான பகுதி போய்க்கொண்டிருந்தது. முதலில் கூரையில் ஒன்றிரண்டு துளிகள், பிறகு சடசடவென்று மொத்தமாக. வயலின்களின் வில் அசைவது தெரிகிறது, காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாயிரம் பேர் முன்னால் சாய்ந்து, மழைக்கு அடியிலிருந்து இசையைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தோம். மழை மெல்ல ஓய்ந்தபோது ஹார்ன் வாத்தியம் முதலில் வெளியே வந்தது, பின்னாலேயே செல்லோக்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்த சிம்பொனியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த ஹார்ன் அன்று கேட்டதுபோல் மறுபடி கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவைக்கு வைத்த விழா எப்படி ஆண்டு விழாவானது?

வந்தவர்களுக்கு ஊர் பிடித்துப்போனதுதான் முதல் காரணம். 1950 கோடையில் மீண்டும் கச்சேரிகள் நடந்தன. அந்த ஆண்டு புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியே வந்து கூடாரத்தில் தம் இசையை நடத்தினார். கதே விழாவின் கருத்தரங்குப் பக்கத்திலிருந்து ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு பிறந்தது. இசைப் பக்கத்திலிருந்து 1951இல் ஒரு பள்ளி பிறந்தது.

பள்ளி தொடங்கியதை ஏதோ துணை ஏற்பாடு என்று எண்ணிவிடக்கூடாது. பெரிய வித்வான்கள் வந்து ஒரு மாலை வாசித்துவிட்டு மறுநாள் ரயிலேறிப் போகும் விழாக்கள் உலகில் ஆயிரம். இங்கே வந்தவர்கள் கோடை முழுக்கத் தங்கினார்கள். காலையில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், பகலில் ஒத்திகை பார்த்தார்கள், மாலையில் மாணவர்களோடு சேர்ந்தே மேடையேறினார்கள். பழைய சுரங்கக்காரர்களின் மரவீடுகளில் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். பியானோ இணையர் விக்டர் பாபின், விட்யா விரான்ஸ்கி, பாடகர் மேக் ஹாரெல், இசையமைப்பாளர் டாரியுஸ் மியோ என்று தொடக்கத்தில் வேரூன்றியவர்கள் பலர். மேக் ஹாரெலின் மகன் லின் ஹாரெல் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞரானார்.

1954இல் ஏதோ பிரிவினை என்கிறார்களே?

ஆம். இசை விழாவின் செலவை இனித் தாங்க முடியாது என்று இன்ஸ்டிடியூட் பக்கம் கைவிரித்தது. பெப்கியின் மனம் முழுக்கக் கருத்தரங்குகளின் பக்கம் போயிருந்தது. தொழிலதிபர்களும் சிந்தனையாளர்களும் வட்டமேசையில் உட்கார்ந்து பேசும் கூட்டங்கள் அவை. அதோடு இசை விழா நின்று போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

வாத்தியக்காரர்கள் நிற்க விடவில்லை. அவர்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து மியூசிக் அசோசியேட்ஸ் ஆஃப் ஆஸ்பென் என்ற லாப நோக்கமற்ற அமைப்பைப் பதிவு செய்து, விழாவையும் பள்ளியையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பெப்கி தம்பதியை விழாவின் பெற்றோர் என்று சொல்லும் எழுத்துகள் ஏராளம், அதில் தவறில்லை. ஆனால் பிள்ளையை ஐந்து வயதுக்குப் பிறகு வளர்த்தவர்கள் பாடம் சொல்லிக் கொடுத்த இந்த இசைக்கலைஞர்கள். நான் இந்த வரலாற்றை எழுதும் ஒவ்வொரு முறையும் 1954ஐ 1949க்கு இணையாக வைப்பதற்கு இதுவே காரணம். தொடங்கி வைக்கப் பணமும் செல்வாக்கும் போதும். ஒரு ஆசிரியர் பட்டாளமே அடுத்த கோடையும் வருவோம் என்று முடிவெடுத்தால்தான் விழா நிலைக்கும்.

பள்ளியில் யார் யார் படித்தார்கள்?

பட்டியல் நீளம், சிலரை மட்டும் சொல்கிறேன். 1960 கோடையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸ் இங்கே வந்து டாரியுஸ் மியோவிடம் பாடம் கேட்டார். மியோ பிரெஞ்சு யூதர், நாஜிகள் நுழைந்தபோது 1940இல் பிரான்சை விட்டுத் தப்பி வந்தவர். கடும் மூட்டுவாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பல கோடைகள் மலையேறி வந்து கற்றுக்கொடுத்தார். இன்று கேட்டால், கிளாஸின் இசைக்கும் மியோவின் இசைக்கும் ஒட்டே கிடையாது. ஆசிரியர் தம்மைப்போல் எழுதச் சொல்லவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

பின்னாளில் வாத்தியக் குழு நடத்துநராகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் லெவைன் இங்கே ரோசினா லெவின் அம்மையாரிடம் பியானோ பயின்றார். சோப்ரானோ ரெனே ஃபிளெமிங் மாணவியாக வந்து, பல பத்தாண்டுகள் கழித்து விழாவின் ஓபரா பிரிவை நடத்தும் இருவரில் ஒருவராகத் திரும்பினார். வயலின் ஆசிரியை டாரதி டிலே பல ஆண்டுகள் கோடைதோறும் வந்தார். அவரிடம் படிக்க வேண்டும் என்பதற்காகவே உலகெங்கிலுமிருந்து சிறுவர் சிறுமியர் வந்தார்கள்.

பெரிய பெயர்களைவிட என்னைக் கவர்வது மேடையில் உட்காரும் முறை. வாத்தியக் குழுவில் முதல் நாற்காலியில் ஆசிரியர், பக்கத்து நாற்காலியில் மாணவர். அந்த ஆசிரியர் குளிர்காலத்தில் ஏதோ ஒரு பெரிய நகரத்துச் சிம்பொனியில் முதன்மைக் கலைஞராக இருப்பவர். பதினெட்டு, இருபது வயது மாணவி, அவர் மூச்சு எடுக்கும் இடத்தைக் கடைக்கண்ணால் பார்த்து அங்கேயே தானும் மூச்சு எடுக்கிறாள். இதை எந்த வகுப்பறையிலும் சொல்லிக் கொடுக்க முடியாது. குருகுலம் என்று நாம் சொல்வதற்கு மிக நெருங்கி வருவது இந்த நாற்காலி ஏற்பாடு.

பெஞ்சமின் பிரிட்டன் அங்கே என்ன பேசினார்?

1964இல் ஆஸ்பென் விருது என்று ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். தொகை 30,000 டாலர். முதல் விருது ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரிட்டனுக்கு. ஜூலை 31 அன்று ஏற்புரை ஆற்றினார். இசை பற்றிய இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த உரைகளில் ஒன்று அது. தேடிப் படியுங்கள்.

அதில் அவர் சொன்னவற்றின் சாரம் இது: இசையமைப்பவர், வாசிப்பவர், கேட்பவர் மூவரும் ஒரு முக்கோணம், மூன்றும் சேர்ந்தால்தான் இசை. கேட்பவருக்கும் உழைப்பு உண்டு. டிக்கெட்டுக்குக் காசு சேர்க்க வேண்டும், இடம் தேடிப் போக வேண்டும், கேட்கப் போவது என்ன என்று முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பொத்தானைத் திருகினால் எங்கும் எப்போதும் கொட்டும் ஒலிபெருக்கியை இசையின் முதல் எதிரி என்றே சொன்னார். தான் வாழும் ஆல்ட்பரோ என்ற சிறிய கடற்கரை ஊரையும் அதன் மக்களுக்காகத் தான் எழுதுவதையும் பற்றிப் பேசினார். அங்கே அவரும் நண்பர்களும் 1948 முதல் ஒரு விழா நடத்தி வந்தார்கள். ஒரு சிற்றூர் விழாக்காரர் இன்னொரு சிற்றூர் விழாவில் நின்று பேசிய பேச்சு அது. அதனால்தான் ஒவ்வொரு சொல்லும் அனுபவத்திலிருந்து வந்ததாகக் கேட்கிறது.

அவ்வளவு உயரத்தில் வாசிப்பது கடினமா?

கடினம்தான். காற்றழுத்தம் கடற்கரை ஊர்களில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. புதிதாக வரும் டிரம்பெட் கலைஞருக்கும் பாடகருக்கும் முதல் சில நாட்கள் நீண்ட இசைத்தொடரின் பாதியிலேயே மூச்சு வாங்கும். காற்று வறண்டது, மரவாத்தியங்கள் வெடிப்பு விடும் ஆபத்து உண்டு. வயலின் பெட்டிக்குள் ஈரப்பதத்துக்குச் சிறு குழாய் ஒன்றை வைத்திருப்பார்கள்.

அதிகம் அவதிப்படுவது ஓபோக்காரர்கள். நம் நாதஸ்வரத்தைப்போல ஓபோவுக்கும் சீவாளி உண்டு. நாணல் போன்ற தண்டை இரண்டு மெல்லிய ஏடுகளாகச் சீவிச் சேர்த்துக் கட்டியது. அதைப் பெரும்பாலும் வாசிப்பவரே செய்துகொள்வார். சமவெளியில் இனிமையாகப் பேசிய சீவாளி மலைக்கு வந்ததும் முரண்டு பிடிக்கும். காபிக் கடை ஒன்றின் வெளிமேசையில் ஒரு மாணவனைப் பார்த்தேன். சிறு கத்தி, நூல்கண்டு, கிண்ணத்தில் தண்ணீர். ஏட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறான், மயிரிழை அளவு சீவுகிறான், உதட்டில் வைத்துக் காக்கை கத்துவதுபோல் ஓர் ஒலி எழுப்புகிறான், தலையாட்டிவிட்டு மறுபடி சீவுகிறான். நான் காபியை முடித்து எழுந்தபோது மேசையில் மூன்று சீவாளிகள் ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. நான்காவதில் இருந்தான்.

பக்கத்தில் இயற்பியல் மையம் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆஸ்பென் இயற்பியல் மையம், 1962இல் தொடங்கியது. கூடாரத்துக்கு நடந்து போகும் தூரம். கோடையில் இயற்பியலாளர்கள் வந்து தங்கிக் கணக்குப் போடுவார்கள், மாலையில் கச்சேரிக்கு வருவார்கள். பொருள்களின் அடிப்படை நுண்ணிய சரங்கள் என்று சொல்லும் சரக் கோட்பாட்டை உலகம் திரும்பிப் பார்க்கவைத்த கணக்கை 1984 கோடையில் மைக்கேல் கிரீனும் ஜான் ஷ்வார்ட்ஸும் போட்டு முடித்தது இங்கேதான்.

இந்த விழாவால் ஊர்க்காரர்களுக்கு நன்மையா, தீமையா?

சங்கடமான கேள்வி, ஒரே வரியில் சொல்ல முடியாது. பூட்டிக் கிடந்த ஊரில் விளக்கு எரிந்தது பனிச்சறுக்காலும் இசையாலும்தான். 1984இல் வீலர் ஓபரா ஹவுஸ் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டது. விழாவின் ஓபராக்கள் அங்கே நடந்து வந்திருக்கின்றன. பேருந்து ஓட்டுநரும் ஓட்டல் பணியாளரும் சிம்பொனியைத் தங்கள் ஊர்ச் சொத்தாகப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன்.

மறுபுறம், அந்தப் புகழே வீட்டு விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 7,000. ஊரில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் பள்ளத்தாக்கின் கீழே உள்ள ஊர்களிலிருந்து தினமும் பஸ்ஸில் ஏறி வருகிறார்கள். முதல் தலைமுறை ஆசிரியர்கள் சில ஆயிரம் டாலருக்கு வாங்கிய மரவீடுகள் இன்று கோடிகளில் விற்கின்றன. இன்றைய ஆசிரியரோ மாணவரோ அதில் ஓர் அறைகூட எடுக்க முடியாது. மரோல்ட் ராஞ்ச் என்ற நகராட்சிக் குடியிருப்பைக் கோடையில் இசை மாணவர்களுக்கும் குளிர்காலத்தில் பருவத் தொழிலாளர்களுக்கும் மாற்றி மாற்றித் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் போதாது.

என் கவலையை மறைக்க விரும்பவில்லை. ஆசிரியர்கள் கோடை முழுக்கத் தங்கியதால் வளர்ந்த விழா இது. தங்க இடமில்லாமல் போனால் அது வெறும் கச்சேரி வரிசையாக மெலிந்துவிடும். ஊருக்கு வெளியே காசில் கிரீக் ஓடைக்கரையில் உள்ள பள்ளி வளாகத்தை 2016இல் முழுவதுமாகப் புதுப்பித்து முடித்தார்கள். குளங்களுக்கும் மலைக்கும் நடுவே ஒத்திகைக் கூடங்கள், கண்ணுக்கு அவ்வளவு அழகு. அதே அக்கறையோடு அடுத்துக் கட்ட வேண்டியவை எளிய குடியிருப்புகள் என்பது என் கருத்து.

இடையில் எப்போதாவது நின்றதுண்டா?

2020இல் பெருந்தொற்றால் மேடைக் கச்சேரிகள் ரத்தாயின. இணையத்தில் ஒளிபரப்பினார்கள். 2021இல் அளவைச் சுருக்கிக்கொண்டு மீண்டும் கூடாரத்துக்கு வந்தார்கள். 2024இல் 75ஆம் ஆண்டைக் கொண்டாடினார்கள்.

டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை என்றால்?

கவலை வேண்டாம். கூடாரத்துக்கு வெளியே புல்வெளி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து கேட்க ஒரு காசு தர வேண்டியதில்லை, பக்கங்கள் திறந்திருப்பதால் இசை நேராக வந்து சேரும். விலை உயர்ந்த ஊரில் இந்த ஒரு வழக்கத்தை விடாமல் வைத்திருப்பதற்காகவே இந்த விழாவின் மேல் எனக்குத் தனி அன்பு. விரிப்பு, தண்ணீர், ஒரு கம்பளிச் சட்டை, குடை ஆகிய நான்கையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் எரித்தாலும் குடையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முடிந்தால் கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். முதுகில் செல்லோவைச் சுமந்துகொண்டு சைக்கிளில் வரும் பிள்ளைகளைப் பார்க்கலாம். மேடைப் பக்கம் வண்டியைச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க உள்ளே ஓடுவார்கள். சற்று நேரத்தில் ஓபோ ஒரே ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும், அதைக் கேட்டு மற்ற வாத்தியங்கள் எல்லாம் சுருதி சேர்க்கும். புல்வெளியில் அப்போது குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.